கல்லறை இல்லாத ஆட்டக்காரர்

1950ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 29ஆம் நாள். புனித இராயப்பர், சின்னப்பர் திருநாள். அன்று இங்கிலாந்து இரு வேறு கண்டங்களில், இரு வேறு ஆட்டங்களில் தோல்வி கண்டது. இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணி 326 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அவ்வணி பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. அவ்வெற்றிக்குக் காரணமாயிருந்த இரு சுழற்பந்து வீச்சாளர்களுள் ஒருவர், திரினிதாத் தீவில் குடியேறிய இந்தியர்களின் வழிவந்த சோனி ராமதின். கிரிக்கெட்டை விரும்பும் நம் வாசகர் பலரும் இச்செய்தியை அறிந்திருப்பர்.

அதே நாளில் பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்டே நகரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. கோப்பையை வெல்லக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்ட இங்கிலாந்து அணியை, எவரும் பொருட்படுத்தாத அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அணி ஒரு கோல் கணக்கில் வீழ்த்தியது. அந்த ஒரே கோலைப் போட்டவரும் கரிபியன் தீவு ஒன்றில் பிறந்தவரே. அமெரிக்கச் சட்டையை அணிந்து ஆடிய அவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர். பின்னரும் அக்குடியுரிமையை அவர் பெறவில்லை. அவர் பெயர் ஜோ கேட்ஜென்ஸ். இராமதின் முதுமை வரை வாழ்ந்து, புகழோடு மறைந்தார். கேட்ஜென்சோ தம் 40ஆம் வயதில் ஒரு காலைப் பொழுதில் கொண்டு செல்லப்பட்டார், திரும்பவேயில்லை. அவருக்கு இறந்த நாளும் இல்லை, கல்லறையும் இல்லை. அவருடைய வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவின் பிள்ளை

ஜோசப் எதுவார் கேட்ஜென்ஸ் 1924ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ஹைத்தி நாட்டின் தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்சில் பிறந்தார். மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அத்திருநாளில் பிறந்த பிள்ளை அப்புனிதரின் பெயரையே தாங்கி வளர்ந்தது. அவருடைய முன்னோருள் ஒருவர் ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து வந்து ஹைத்தியில் வேரூன்றியவர். கேட்ஜென்ஸ் என்னும் பெயர் அவ்வழியே வந்தது. ஆப்பிரிக்க இரத்தமும் ஐரோப்பிய இரத்தமும் கலந்த, சமூகத்தில் மதிப்புடைய, ஆனால் பெருஞ்செல்வம் என்று சொல்ல முடியாத கத்தோலிக்கக் குடும்பம் அது.

ஹைத்தியின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வது இங்குத் தேவை. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் வதைபட்ட கறுப்பின மக்கள் 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை பெற்று அமைத்த நாடு அது. அடிமைகள் தாமே போராடி ஒரு குடியரசை நிறுவிய நிகழ்ச்சி உலக வரலாற்றில் அதற்கு முன் இல்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. தம் தோட்டக்காரர் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் தர வேண்டும் என்று 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை நிறுத்தி வற்புறுத்தியது. இழந்த சொத்து என்று அவர்கள் கணக்கிட்டதில் விடுதலை பெற்ற மனிதர்களும் அடங்குவர். அத்தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்ட போதிலும், அக்கடன் அந்நாட்டைத் தலைமுறை தலைமுறையாக அழுத்தியது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டைத் தன் ஆளுகைக்குள் வைத்திருந்தது. அந்த ஆளுகை முடிந்தபோது நம் ஜோசப்புக்கு 10 வயது.

14ஆம் வயதில் அவர் எத்துவால் ஐத்தியேன் என்னும் கால்பந்துக் குழுவில் சேர்ந்தார். 'ஹைத்தியின் விண்மீன்' என்பது அப்பெயரின் பொருள். 1942இலும் 1944இலும் அக்குழு நாட்டின் வாகைப் பட்டம் வென்றது. ஆயினும் கால்பந்தை நம்பி அங்கே வயிறு வளர்க்க இயலாது. எனவே ஹைத்தி அரசின் உதவித்தொகையைப் பெற்று, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயில 1947இல் புறப்பட்டார். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் கடல் கடந்த பிள்ளைகள் இல்லாத பங்கு நம் மறைமாவட்டத்தில் அரிது. ஆகவே அப்பயணத்தின் நம்பிக்கையையும் அச்சத்தையும் நாம் விளக்கத் தேவையில்லை.

பாத்திரம் கழுவிய கைகள்

1947 அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர், அதுவரை வெள்ளையருக்கே உரியதாயிருந்த பேஸ்பால் பெருங்குழுவில் அவ்வாண்டு ஏப்ரலில்தான் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் முதன்முறையாகக் களமிறங்கினார். கேட்ஜென்ஸ் வந்து சேர்ந்த நகரம் அத்தகையது. ஒரு கதவு அப்போதுதான் சிறிதே திறந்திருந்தது.

அந்நாளில் அமெரிக்காவில் கால்பந்து குடியேறியவர்களின் ஆட்டமாகவே கருதப்பட்டது. கியர்னி ஸ்காட்ஸ், புரூக்ளின் ஹிஸ்பானோ என்னும் குழுக்களின் பெயர்களே அதைச் சொல்லும். வாரமெல்லாம் ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடித் தம் ஊர்மொழி பேசி ஆடினார்கள். கேட்ஜென்ஸ் புரூக்ஹட்டன் என்னும் குழுவில் சேர்ந்தார். ஓர் ஆட்டத்துக்கு 25 டாலர் கிடைத்தது. அது போதாமையால், அக்குழு உரிமையாளரின் உணவகத்திலேயே பாத்திரம் கழுவும் வேலையையும் செய்தார். பகலில் பல்கலைக்கழக வகுப்பு, பின்னர் உணவகத்தின் சமையற்கட்டு, ஞாயிறன்று திடல் என்று மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1949-50ஆம் ஆண்டுப் பருவத்தில் 15 ஆட்டங்களில் 18 கோல்கள் போட்டு, அமெரிக்கக் கால்பந்து லீகில் முதலிடம் பெற்றார்.

அவ்வாண்டு உலகக் கோப்பைக்கு அணி திரட்டிய அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் கண் அவர்மேல் பட்டது. குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. பெறும் எண்ணத்தை அறிவித்தாலே போதும் என்பது அச்சங்கத்தின் அன்றைய விதி. அவ்விதியின்படி அணியில் இடம்பெற்று இங்கிலாந்துக்கு எதிராக ஆடியோர் மூவர். ஹைத்தியில் பிறந்த கேட்ஜென்ஸ், பெல்ஜியத்தில் பிறந்த ஜோ மக்கா, ஸ்காட்லாந்தில் பிறந்த எட் மக்கில்வெனி. அன்றைய ஆட்டத்தில் அணித்தலைவராய் நின்றவர் இந்த மக்கில்வெனியே.

ஏனைய வீரர்களைப் பாருங்கள். கோல் காப்பாளர் பிராங்க் போர்கி, செயின்ட் லூயிஸ் நகரில் தம் உறவினரின் ஈமச்சடங்கு நிறுவனத்தில் சவ ஊர்தி ஓட்டியவர். ஹாரி கியோ தபால்காரர். வால்டர் பார் பள்ளி ஆசிரியர். போர்கி உட்பட நால்வர், செயின்ட் லூயிஸ் நகரில் 'குன்று' என்றே அழைக்கப்படும் இத்தாலியக் குடியிருப்பின் பிள்ளைகள். புனித அம்புரோசியார் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்கத் தெருக்கள் அவை. சூசா என்னும் பெயருடைய இருவர் போர்த்துக்கீசிய வழியினர். சுருங்கச் சொன்னால், வந்தேறிகளும் வந்தேறிகளின் மக்களும் சேர்ந்த அணி அது.

ஒரு தலையசைவு

இங்கிலாந்து முதன்முறையாக உலகக் கோப்பையில் கலந்துகொண்ட ஆண்டு அது. பில்லி ரைட், டாம் பின்னி, ஸ்டான் மார்ட்டென்சன், பின்னாளில் 1966ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர் ஆல்ப் ராம்சி ஆகியோர் அந்த அணியில் இருந்தனர். புகழ்பெற்ற ஸ்டான்லி மேத்யூசுக்கு அன்று ஓய்வு தரப்பட்டது. அமெரிக்கரோடு ஆட அவர் தேவையில்லை என்று தேர்வாளர் கருதினர். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து சிலியை 2-0 என வென்றிருந்தது. அமெரிக்க அணியோ ஸ்பெயினிடம் 3-1 எனத் தோற்றிருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் இங்கிலாந்து மீண்டும் மீண்டும் தாக்கியது. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. போர்கி பாய்ந்து பாய்ந்து தடுத்தார். ஏறத்தாழ 38ஆம் நிமிடத்தில் ஆசிரியர் வால்டர் பார் சுமார் 25 கஜத் தொலைவிலிருந்து பந்தை ஓங்கி உதைத்தார். இங்கிலாந்தின் கோல் காப்பாளர் பெர்ட் வில்லியம்ஸ் அதைப் பிடிக்கும் நோக்கில் ஒரு பக்கம் நகர்ந்தார். அப்போது கூட்டத்தினின்று பாய்ந்த கேட்ஜென்சின் தலை பந்தில் உரசியது. பந்து திசை மாறி வலைக்குள் சென்றது. தாம் போட்ட கோலை அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார். தரையில் முகம் பதிய விழுந்து கிடந்தார்.

எஞ்சிய நேரம் முழுவதும் இங்கிலாந்து போராடியும் கணக்கு மாறவில்லை. ஆட்டம் முடிந்ததும் பிரேசில் நாட்டு மக்கள் திடலுக்குள் ஓடிவந்து கேட்ஜென்சைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள். அமெரிக்காவிலிருந்து அந்த ஆட்டத்தைக் காண வந்த செய்தியாளர் டெண்ட் மக்ஸ்கிம்மிங் ஒருவரே. அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, தம் சொந்தச் செலவில் வந்தவர். அமெரிக்காவில் அவ்வெற்றியை எவரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. அடுத்த ஆட்டத்தில் சிலியிடம் 5-2 எனத் தோற்று அமெரிக்க அணி வீடு திரும்பியது.

பந்து தற்செயலாகத் தலையில் பட்டது என்று இங்கிலாந்து தரப்பில் சிலர் பிற்காலத்தில் கூறினர். அவருடன் ஆடியவர்கள் இதை ஏற்கவில்லை. எதிர்பாராத இடத்திலிருந்து பாய்ந்து தலையால் முட்டும் கலை அவருக்குக் கைவந்தது என்றும், அத்தகைய கோல்களை அவர் பலமுறை போட்டதைக் கண்டிருக்கிறோம் என்றும் அவர்கள் சொன்னார்கள். ஒரு பருவத்தில் 18 கோல்கள் போட்டவரின் தலையில் பந்து தற்செயலாக வந்து பட்டது என்பதை நம்மாலும் ஏற்க இயலவில்லை. எளியவன் ஒருவன் பெரியவரை வென்றால் அதற்குத் திறமையைக் காரணமாகச் சொல்ல உலகம் தயங்குகிறது. இது கால்பந்துத் திடலில் மட்டும் நடப்பதன்று.

வீடு திரும்பியவர்

உலகக் கோப்பை முடிந்தபின் கேட்ஜென்ஸ் பிரான்சு சென்றார். பாரிஸ் நகரின் ரேசிங் குழுவிலும், பின்னர் அலெஸ் நகரக் குழுவிலும் ஆடினார். அங்கே பெரும்பெயர் கிட்டவில்லை. காயங்களும் தொல்லை தந்தன. 1953இல் தாய்நாடு திரும்பினார். போர்ட்-ஓ-பிரின்ஸ் அவரை வீரனாக வரவேற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஹைத்தியின் சட்டையை அணிந்து, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றில் மெக்சிகோவுக்கு எதிராக ஆடினார். அதில் ஹைத்தி 4-0 எனத் தோற்றது. அத்துடன் அவருடைய பெரிய ஆட்டங்கள் முடிந்தன எனலாம்.

திரும்பி வந்தவர் செய்த தொழில்கள் எளியவை. சோப்பும் பற்பசையும் விற்கும் நிறுவனங்களுக்கு விளம்பர முகமாக இருந்தார். துணி வெளுக்கும் கடை ஒன்றை வைத்து நடத்தினார். திருமணம் செய்துகொண்டு மூன்று ஆண்மக்களுக்குத் தந்தையானார். இளைஞர்களுக்குக் கால்பந்தும் கற்றுக்கொடுத்தார்.

அவர் பெயர் கொண்ட புனித சூசையப்பரை இங்கு எண்ணாதிருக்க முடியவில்லை. திருக்குழந்தையையும் அன்னையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு அகதியாய்ச் சென்றவர் அவர். ஏரோது இறந்தபின்னரே தம் நாட்டுக்குத் திரும்பினார். ஜோசப் கேட்ஜென்சுக்கு அப்படி வாய்க்கவில்லை. அவர் வீடு வந்து சேர்ந்தபின்தான் அவர் நாட்டின் ஏரோது அரியணை ஏறினான்.

ஞாயிறு என்னும் கோட்டை

1957ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில் பிரான்சுவா துவாலியே ஹைத்தியின் அதிபரானார். அவர் மருத்துவர்; கிராமத்து ஏழைகளைத் தொற்றுநோயிலிருந்து காக்கப் பாடுபட்டவர். அதனால் மக்கள் அவரை அன்போடு 'பாப்பா டாக்' என்று அழைத்தனர். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்துத் தோற்றவர் லூயி தெழுவா என்னும் தலைவர். கேட்ஜென்ஸ் குடும்பத்தார் தெழுவாவின் பக்கம் நின்று உழைத்தவர்கள். ஜோ மட்டும் அரசியலில் நாட்டமற்றவராய், பந்தும் பிழைப்பும் என்று இருந்தார்.

மருத்துவர் விரைவிலேயே கொடுங்கோலராய் மாறினார். இராணுவத்தை நம்பாமல் தமக்கெனத் தனிப்படை ஒன்றை வளர்த்தார். அதனை மக்கள் 'தொந்தோன் மக்கூட்' என்றனர். அடங்காத பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிச் செல்லும் மாமன் என்பது அப்பெயரின் பொருள். நம் ஊரில் குழந்தைகளை அச்சுறுத்தச் சொல்லும் பூச்சாண்டியைப் போன்றது. அந்தப் பூச்சாண்டி துப்பாக்கியோடு பட்டப்பகலில் தெருவில் நடந்தது. கத்தோலிக்க எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1966இல் வெளியிட்ட 'தி கமீடியன்ஸ்' என்னும் நாவல் அந்தக் காலத்தின் அச்சத்தைச் சித்திரிப்பதே.

திருச்சபையும் தப்பவில்லை. 1960 நவம்பரில் போர்ட்-ஓ-பிரின்சின் பேராயர் பிரான்சுவா புவாரியே நாடு கடத்தப்பட்டார். அடுத்த சில வாரங்களிலேயே, ஹைத்தி மண்ணில் பிறந்த முதல் ஆயராகிய ரெமி அகுஸ்தேனும் வெளியேற்றப்பட்டார். 1961இல் துவாலியே திருச்சபையின் விலக்குக்கு உள்ளானார். 1964 பிப்ரவரியில் இயேசு சபையினர் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். அவ்வாண்டே 'புரட்சியின் மறைக்கல்வி' என்று ஒரு நூல் அச்சிடப்பட்டது. அதில் நம் ஆண்டவர் கற்பித்த செபத்தையே மாற்றி, விண்ணகத் தந்தையின் இடத்தில் அதிபரை அமர்த்தியிருந்தார்கள். மனிதன் தன்னைக் கடவுளாக்கிக் கொள்ளும்போது முதலில் கெடுவது செபம். அடுத்துக் கெடுவது அயலானின் உயிர். 1964 ஜூன் மாதம் துவாலியே தம்மை வாழ்நாள் அதிபர் என்று அறிவித்துக்கொண்டார்.

ஜோவின் தம்பியர் அண்டை நாடாகிய தொமினிக்கன் குடியரசில் இருந்துகொண்டு, துவாலியேவை வீழ்த்த முயன்றோருடன் சேர்ந்திருந்தனர். இச்செய்தி அரண்மனைக்கு எட்டியது. குடும்பத்தார் பலர் தப்பியோடினர். ஜோ போகவில்லை. அரசியலில் தாம் எந்தப் பக்கமும் இல்லை என்பதும், நாடறிந்த ஆட்டக்காரர் என்பதும் தம்மைக் காக்கும் என்று நம்பினார்.

1964ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலை. தொந்தோன் மக்கூட் படையினர் அவருடைய துணி வெளுக்கும் கடைக்கு வந்து அவரைப் பிடித்துச் சென்றார்கள். கொண்டுபோன இடம் 'ஃபோர் திமான்ஷ்' என்னும் சிறைக்கோட்டை. திமான்ஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஞாயிறு என்று பொருள். ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் பெயரைத் தாங்கிய அக்கோட்டைக்குள் சென்றோர் பலர் உயிரோடு வெளிவரவில்லை. ஞாயிறுதோறும் திடலில் ஓடிய கேட்ஜென்சும் வரவில்லை. ஓரிரு நாள்களிலேயே அவர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, உடலும் தரப்படவில்லை. அவர் செய்த குற்றம் தம்பிகளுக்கு அண்ணனாய்ப் பிறந்தது ஒன்றே.

மௌனமும் குரலும்

ஒருவரைக் கொல்வது பாவம் என்று அறிவோம். கொன்றுவிட்டு, கொன்றோம் என்று சொல்லாமல் இருப்பது அதனினும் கொடிய ஒன்று. இறந்தார் என்று தெரிந்தால் மனைவி துக்கம் கொண்டாடலாம். பிள்ளைகள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றலாம். ஆண்டு நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். காணாமற் போனவரின் வீட்டிலோ எதுவும் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. வாசற்படியில் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கும். இனிமேல் வரமாட்டார் என்று முடிவு செய்வதே அவருக்குச் செய்யும் துரோகம் போலத் தோன்றும். கொடுங்கோலர்கள் இதை அறிந்தே செய்கிறார்கள். ஒருவரைக் காணாமற் போக்கினால் ஒரு குடும்பம் முழுவதையும் வாய்மூட வைக்கலாம். கேட்ஜென்சின் மனைவியும் மக்களும் இத்துயரைச் சுமந்துகொண்டே பிற்பாடு நாட்டைவிட்டு வெளியேறினார்கள்.

இந்நேரத்தில் திருச்சபை என்ன செய்தது என்னும் வினா எழும். அதற்கு மழுப்பாமல் விடை சொல்வதே முறை. 1966இல் துவாலியேவும் வத்திக்கானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். மண்ணின் மைந்தரே ஆயர்களாகும் நிலை அதனால் உருவாயிற்று; அது நன்மையே. ஆனால் ஆயர்களை முன்மொழியும் உரிமை அதிபரின் கையில் இருந்தது. அதிபருக்கு வேண்டியவரானால் ஆயரின் நாவு எவ்வளவு தூரம் பேசும்? நெடுங்காலம் பெரும் ஆலயங்களில் மௌனம் நிலவியது. சிற்றூர்களில் சிறு குழுக்களாய்க் கூடி மறைநூலைப் படித்த எளிய மக்களிடமும், அவர்களோடு நின்ற குருக்கள், கன்னியரிடமும்தான் குரல் எஞ்சியிருந்தது.

1971இல் துவாலியே இறந்ததும், 19 வயது நிரம்பிய அவர் மகன் ழான்-குளோத் வாழ்நாள் அதிபரானார். 1983 மார்ச் 9ஆம் நாள், பின்னர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் போர்ட்-ஓ-பிரின்சுக்கு வந்தார். இங்கே ஏதோ ஒன்று மாறியாக வேண்டும் என்று அம்மக்கள் முன்னிலையில் வெளிப்படையாகக் கூறினார். சிறிய வாக்கியந்தான், ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் உரக்கச் சொல்லத் துணியாதது. திருச்சபையின் ரேடியோ சொலெய் வானொலி அம்மாற்றத்தின் குரலாயிற்று. 1986 பிப்ரவரி 7ஆம் நாள் இளைய துவாலியே நாட்டைவிட்டு ஓடினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் காணாமற் போனோரின் உறவினரும் பிறரும் ஃபோர் திமான்ஷ் நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். 1963இல் அதே தேதியில் பலியானோரை நினைவுகூர்வதே அவர்கள் நோக்கம். இராணுவம் சுட்டது, சிலர் உயிரிழந்தனர். கொடுங்கோலர் போனபின்பும், இறந்தவர்களின் நினைவு துப்பாக்கிகளை அச்சுறுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

பெயரைச் சொல்லுதல்

உலகம் கேட்ஜென்சை மெல்ல மெல்ல நினைவுகூர்ந்தது. 1976இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2000இல் ஹைத்தி அரசு அவர் படத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது. அவருடைய மகன்களுள் ஒருவர் தந்தையின் வாழ்வை நூலாக எழுதினார். 1950ஆம் ஆண்டு வெற்றியைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படம் ஒன்று 2005இல் வெளிவந்தது. அதில் அவரை வூடு வழிபாட்டுக்காரராகக் காட்டியிருந்தார்கள். கத்தோலிக்கராய் வாழ்ந்தவரை இவ்வாறு காட்டியது குடும்பத்தாருக்கு வருத்தமளித்தது. ஹைத்திக்காரர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று எண்ணிக்கொள்வது எளிது. அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிவதற்குச் சற்றே பொறுமை வேண்டும். வேற்று மண்ணினரைப் பற்றி நாம் கட்டிக்கொள்ளும் கதைகளையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

1974க்குப் பின் முதன்முறையாக, 2026ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு ஹைத்தி அணி 2025 நவம்பரில் தகுதி பெற்றது. ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் அவ்வணி தன் சொந்த மண்ணில் ஆட இயலாமல், குராசோ தீவைத் தாயகத் திடலாகக் கொண்டே அத்தகுதியை ஈட்டியது. வீரர்களுள் பலர் புலம்பெயர்ந்தோரின் மக்கள். ஜோ கேட்ஜென்ஸ் 1947இல் நடந்த வழி இன்னும் ஓயவில்லை.

அவருடைய வாழ்வை நோக்கும்போது நம் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. ஒரு கோலுக்காக ஒரு நாடு அவரைத் தன்னவர் என்றது. கோல் விழுந்த மகிழ்ச்சியில் இன்னொரு நாட்டு மக்கள் அவரைத் தோளில் சுமந்தனர். அவர் பிறந்த நாடு வீரர் என்று வரவேற்று, விளம்பரப் பலகைகளில் அவர் முகத்தைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் கடை வாசலில் அவரைப் பிடித்தபோது, தோள் கொடுக்க எவராலும் முடியவில்லை. புகழ் அவரைக் காக்கும் என்று அவர் நம்பினார். மனிதரைக் காப்பது புகழ் அன்று, நீதி. நீதி குடிபோன நாட்டில் புகழ்பெற்றவரும் பெயர் தெரியாதவரும் ஒரே குழியில் புதைக்கப்படுகிறார்கள்.

தொடக்கநூலில் காயினிடம் கடவுள் கேட்ட கேள்வி நமக்குத் தெரியும். உன் தம்பி எங்கே என்பதே அது. ஆபேலை மண்ணுக்குள் மறைத்துவிட்டதாகக் காயின் எண்ணினான். மண்ணோ இரத்தத்தின் குரலை மறைக்கவில்லை. மனித வரலாற்றின் முதல் கொலை, முதல் காணாமற்போக்குதலும் ஆகும். அக்கேள்வியைக் கேட்டவர் கடவுள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. காணாமற் போனவர் எங்கே என்று ஒரு தாயோ மனைவியோ கேட்கும்போது, அவர் கேட்பது கடவுளின் கேள்வியையே. அதற்குச் செவி கொடுக்காமல் நகர்ந்து செல்வது காயினின் விடையைத் திரும்பச் சொல்வதாகும்.

நவம்பர் 2ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டங்களில் களை பறித்து, சுண்ணாம்பு பூசி, பூவைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். குரு தீர்த்தம் தெளித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லறையாக வருகிறார். தன் வீட்டுக் கல்லறையில் அவர் சற்று நின்று செபித்தால்தான் நம் மக்களுக்கு மனநிறைவு. இது மூடப்பழக்கமன்று, ஒருவர் இங்கே வாழ்ந்தார், எம்மால் நேசிக்கப்பட்டார் என்று ஊரறியச் சொல்லும் விசுவாச அறிக்கை. இந்த ஆறுதல் கிடைக்காத வீடுகள் உலகெங்கும் உள்ளன என்பதையும், நம் திருப்பலியின் மன்றாட்டில் இறந்தோர் அனைவரும் அடங்குவர் என்பதையும் அந்நாளில் நினைப்பது தகும். கல்லறை இல்லாதவர்களுக்காகவும் ஒரு திரி ஏற்றலாம். தேதி தெரியாத சாவுக்கும் திருப்பலி உண்டு.

தம் உள்ளங்கையில் நம் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கும் இறைவன் ஜோசப் கேட்ஜென்சின் பெயரையும் அறிவார். ஃபோர் திமான்ஷ் கோட்டையின் மண்ணில் பெயரின்றிக் கிடப்போர் ஒவ்வொருவரையும் அறிவார். நமக்கு அத்தனை பெயர்களும் தெரியா. ஒரு பெயர் தெரியும். அதைச் சொல்வோம்; சொல்லி, நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.